ஆண்டிச்சாமியின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

கூடல்நகர் பாலத்தில் வண்டி ஏறும்போது ஆண்டிச்சாமிக்குக் கண் சொருகத் தொடங்கும். இறங்கும்போது தலை ஜன்னல் பக்கம் சாயும். சிக்கந்தர்சாவடி வருவதற்குள் வாய் லேசாகத் திறந்து குறட்டை கிளம்பி, டீசல் எஞ்சினின் கடகடப்போடு ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ளும். அதன்பிறகு எது அப்பா, எது எஞ்சின் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் முத்துமீனாவுக்கே பிரித்துச் சொல்ல வராது. பின்சீட்டில் அம்மா ராக்கம்மாள் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, மடியில் வேர்க்கடலையோடு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். தோலை ஜன்னல் வழியே போடாமல் முந்தானையில் சேர்த்து வைப்பாள். யாரும் பேச மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுக்கு இப்படித்தான் போகும். கார் எங்கே கிளம்புகிறது என்று விளாங்குடித் தெருவில் யாராவது கேட்டால், அலங்காநல்லூர் வரைக்கும் என்பாள் மீனா. அங்கே என்ன சோலி என்று அடுத்த கேள்வி வந்தால், சும்மா என்பாள். அப்பாவைத் தூங்க வைக்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். திரும்பி வந்து வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தியதும் சட்டென்று நிமிர்ந்து, வழிநெடுக விழித்திருந்தவர் போல, ரோடு நல்லாத்தான் போட்டிருக்கான் என்பார். தூங்கினீர்களா என்று கேட்டால் முகம் மாறிவிடும். கண்ணுக்குள் வெயில் அடித்தது, மூடிக்கொண்டிருந்தேன் என்பார். வெயில் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

வாலிபம் முழுவதையும் கரும்பு லாரியில் லோடுமேனாகக் கழித்தவர் அவர். அலங்காநல்லூருக்கு வடக்கே இருக்கிற ஊர்களில், அடுத்தவர் வயலில் கரும்பை வெட்டி, கட்டி, தோளில் தூக்கி லாரியில் அடுக்கி, கடைசியில் அந்த லோடு மேலேயே ஏறிப் படுத்து ஆலைக்குப் போவார். உள்ளே டிரைவரும் கிளீனரும் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டினவர்களுக்கு இடம் மேலேதான். முதுகுக்கு அடியில் காய்ந்த கரும்புச் சோகை, மூக்கில் பச்சைக் கரும்பின் வாசனை, எங்கோ கீழே எஞ்சின் உறுமுகிற சத்தம், கண்ணுக்கு முன்னால் வானம் மட்டும். அந்த ஆட்டத்தில்தான் அவர் உடம்பு தூங்கக் கற்றுக்கொண்டது. முதுகில் ஜவ்வு விலகி, இனி எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு, மகள் வாடகைக்குப் பிடித்த விளாங்குடி வீட்டில், மெத்தையில், ஃபேனுக்கு அடியில் படுத்தார். தூக்கம் வரவில்லை. மெத்தை ஆடாமல் கிடந்ததுதான் காரணம் என்று அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. மாத்திரை கொடுத்தார்கள். அது அவரை மறுநாள் மத்தியானம் வரைக்கும் மந்தமாக வைத்திருந்தது. தூக்கம் என்று சொல்லும்படி ஒன்று வரவில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, பேச்சும் குறைந்துபோனார்.

முத்துமீனா பசுமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அது ஒரு சின்ன ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்தது. கல்லூரியில் வேதியியல் படித்தாள். அந்த வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். படித்து முடித்தால் வழி தெரியும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். முடித்தபிறகு வழிகள் நிறையத் தெரிந்தன. எதில் போவது என்றுதான் தெரியவில்லை. அரசுத் தேர்வு எழுது என்றார்கள், எழுதினாள். பி.எட். போ என்றார்கள், விண்ணப்பம் வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். கல்யாணம் என்றார்கள், கேட்காதது மாதிரி இருந்தாள். பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, அடுத்தவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எப்படி இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு போவாள். அவளுக்கும் ஏதோ வேண்டியிருந்தது. அதன் பெயர் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார் வாங்கும் ஆசை வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று வீட்டில் சொன்னாள். உண்மையில் அது ஆசையா, பகட்டா, லாரியின் மேலே படுத்துப் போன மனிதரை முன்சீட்டில் உட்கார்த்திப் பார்க்கிற வீம்பா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. விளாங்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அருள்பாண்டி, பழைய கார் என்றால் பெட்ரோலே நல்லது, டீசல் வண்டி வயசான மாமியார் மாதிரி, தினம் ஒன்று கேட்கும் என்று எச்சரித்தார். இரண்டு பெட்ரோல் வண்டிகளைக் காட்டவும் செய்தார். இரண்டிலும் ஆண்டிச்சாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து வந்தார்.

மூன்றாவதாகப் போனது எஸ்.எஸ்.காலனியில் அனந்தராமன் என்பவர் வீட்டுக்கு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். துணி போர்த்தி வைத்திருந்த வெள்ளை டீசல் காரை, பெண்ணைக் காட்டுகிற மாதிரி மெல்லத் திறந்து காட்டினார். மகன்கள் வெளிநாட்டில், தனக்குக் கண் சரியில்லை, ஓட்ட ஆள் இல்லை என்றார். டீசலை யாரோ உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால் டேங்குக்குத் தனியாக ஒரு பூட்டு மூடி வாங்கிப் போட்டிருப்பதைச் சொல்லி, அதற்கான சின்னச் சாவியையும் எடுத்துக் காட்டினார். பிறகு, எந்தப் பக்கம் ஊர் என்று கேட்டார். அலங்காநல்லூர் பக்கம் என்றாள் மீனா. அலங்காநல்லூர் என்றால் எங்கே என்று அவர் இழுத்தார். அதற்கு அடுத்த கேள்வி என்ன என்பது மீனாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அதற்குள் அவர் மனைவி வாலாம்பாள், காபி ஆறிப்போகிறது என்று சொல்லி டம்ளர்களை நீட்டினாள். கேள்வி காபியில் கரைந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். பைபாஸ் ரோட்டில் வண்டி ஒரு சீரான வேகத்துக்கு வந்தது. கியர் கம்பி நடுங்கியது, கதவு மெல்ல அதிர்ந்தது, கால்களுக்கு அடியில் ஏதோ பெரிய பிராணி மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மீனா திரும்பிப் பார்த்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உதடு பிரிந்து, கை மடியில் மல்லாந்து கிடந்தது. அந்தக் கையை விரித்த நிலையில் அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பின்சீட்டிலிருந்து அனந்தராமன், "பெரியவர் அசந்துட்டாரே" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. மீனா அடுத்த திருப்பத்தில் திரும்பவில்லை. அதற்கடுத்த திருப்பத்திலும் திரும்பவில்லை.

அப்படித்தான் ஆவணி மாதத்தில் அந்த வண்டி விளாங்குடிக்கு வந்தது. வாரம் முழுவதும் வேப்பமரத்தடியில் நிற்கும். மீனா பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை எடுப்பாள்.

வெள்ளிக்கிழமை ராக்கம்மாளுடையது. காலையில் வண்டியைக் கழுவி, மஞ்சளும் சந்தனமும் கெட்டியாகக் குழைத்து, பானெட்டில், நான்கு சக்கரத்தில், ஸ்டீயரிங்கில் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பாள். மாட்டுப் பொங்கல் வந்தால் ஊரில் பெரிய வீட்டுத் தொழுவத்தில் மாடு குளிப்பாட்டி, கொம்பு துடைத்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்தது அவள் கைதான். மாடுகள் அவர்களுடையவை. இந்தத் தையில், இப்போது நமக்கும் ஒன்று இருக்கிறது என்று சொல்லி வண்டிக்குக் கரும்பு கட்டி, பொங்கலும் காட்டினாள். அன்றைக்குப் பார்த்து டீசல் டேங்கின் வெளிக்கதவில் ஸ்பிரிங் போய், அது திறந்து தொங்கியது. உள்ளே அந்தப் பூட்டு மூடி தெரிந்தது. இதுதானே சோறு தின்கிற வாய், இத்தனை நாள் இதற்கு ஒன்றும் வைக்காமல் விட்டோமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூடி முழுவதும் சந்தனத்தை அப்பினாள். அன்றிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும் வாயைத்தான் முதலில் கவனிப்பாள்.

வண்டி நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

முதல் தடவை, சிக்கந்தர்சாவடிக்கு அடுத்து வருகிற குமாரம் தாண்டி, வாய்க்கால் ஓரம் முனியாண்டி கோயில் அரிவாள்கள் நட்டிருக்கிற இடத்துக்குச் சற்று முன்னால். எஞ்சின் இரண்டு தரம் இழுத்தது, விக்கியது, அணைந்தது. குறட்டையும் அதோடு நின்றது. ஆண்டிச்சாமி விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போலப் பார்த்தார். அருள்பாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு, டீசல் கிடக்கிறது என்றார். பிறகு பானெட்டைத் தூக்கி, டீசல் வருகிற பைப்பில் காற்று புகுந்துவிட்டது என்று சொல்லி, கை பம்ப்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பியது. வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஏறக்குறைய அதே இடம். ஃபில்டரை மாற்றினார், கிளம்பியது. அதற்கடுத்து பைப்பை மாற்றினார், கிளம்பியது. டீசலை இழுத்து அனுப்புகிற ஃபீட் பம்ப்பையே கழற்றி வேறு போட்டார், அதற்கும் கிளம்பியது. ஒவ்வொரு முறையும் அவர் முதலில் செய்வது மூடியைத் திறந்து குச்சி விடுவதுதான். ஒவ்வொரு முறையும் கடைசியாகச் செய்த வேலைக்குத்தான் பெயர் கிடைத்தது. கியாரண்டி என்று பானெட்டில் தட்டிவிட்டுப் போவார். நல்ல மனிதர். அவர் கைப்பக்குவத்தில் அவருக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்ததை மீனா பார்த்தாள்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. அந்த இடத்தில் ஏதோ மறிக்கிறது, நாம் கார் ஏறிப் போவது அதற்குப் பிடிக்கவில்லை என்றார் ஆண்டிச்சாமி. சொல்லும்போது அது சாமியா, மனுசரா என்று பிரிக்காமல் சொன்னார். ராக்கம்மாள் வண்டி நின்ற வாரமெல்லாம் வெள்ளிக்கிழமைச் சந்தனத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் குழைத்தாள். வாய்க்கு இரட்டிப்பாக.

மீனா இணையத்தில் தேடினாள். டீசல் கார் வைத்திருப்பவர்கள் எழுதியதையெல்லாம் படித்தாள். அவளுக்கு வண்டி வெறும் வண்டியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓடின வாரங்களில் அப்பா திங்கள், செவ்வாய் வரைக்கும் முகம் தெளிந்து இருந்தார். ஒரு நாள் தெருமுனை வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, அங்கே கேட்ட ஒரு பேச்சைச் சொல்லிச் சிரித்தார். பாதி வழியில் நின்ற வாரங்களில் மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தூக்கம் அந்த எஞ்சினுக்குள் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கத் தெரியாமல், பட்டம் வாங்கிய கையோடு அவள் நின்றாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, அருள்பாண்டி வரத் தாமதமாகிவிட்டது. அந்த வழியாக டிராக்டரில் வந்தவன் காளை. ஆண்டிச்சாமியோடு ஒரே லாரியில் லோடு ஏற்றினவன், முறைக்கு மச்சான். வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியைப் பார்த்து டிராக்டரை நிறுத்தினான்.

"என்ன மாப்ள, நீ தள்ளுறதுக்காண்டியா மக காரு வாங்கியிருக்கா?"

கேலிதான். கயிறு போட்டு இழுத்து உதவியும் செய்தான். ஆனால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய டீக்கடையில் அதையே திரும்பச் சொன்னான், அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆண்டிச்சாமியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மீனாவுக்குத் தெரியும். பெரிய வீட்டு வாசலில் நின்று சம்பளம் கேட்கும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு அது.

அந்த வாரக் கடைசியில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "மீனா, அந்த வண்டியக் குடுத்துரு. புரோக்கர் சங்கிலிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கெழம ஆளக் கூட்டிட்டு வாரேன்னுருக்கான்."

"கொஞ்ச நாள் பாப்போம்ப்பா. அதுல போனாத்தான் நீங்க தூங்குறீங்க."

"நான் என்னைக்குத் தூங்குனேன்?"

காப்பாற்ற வேண்டிய பொருளே இல்லை என்று அதன் சொந்தக்காரர் சொல்லும்போது, எதைச் சொல்லி வாதாடுவது? ராக்கம்மாள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற வழியில் ஜன்னலில் நின்று வண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் மீனா சாவியை எடுத்தாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. ஆண்டிச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். இன்றைக்குத் தூங்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பார் போல. நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டைக் கண்கொட்டாமல் பார்த்தார். கூடல்நகர் பாலம் போனது, சிக்கந்தர்சாவடி போனது. வெயில் சாய்ந்து, தென்னந்தோப்புகளின் நிழல் ரோட்டின் குறுக்கே கம்பிகளாக விழுந்து கிடந்தது. வண்டி அந்தக் கம்பிகளின் மேல் ஏறி ஏறிப் போனது. வெளிச்சம், நிழல், வெளிச்சம். அப்பாவின் முகத்தில் அது மாறி மாறி வருடியது. வடகிழக்கே அழகர்மலை புகைமாதிரி நின்றது, தொட்டால் கலைந்துவிடும் போல. அறுத்த வயலில் கொக்குகள், யாரோ மறந்துவிட்டுப் போன துணிகள் மாதிரி இறைந்து கிடந்தன. மீனா தானே கனவுக்குள் ஓட்டிக்கொண்டு போவதாக நினைத்தாள். இந்த ரோடு முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எங்கே போய்ச் சேரப் போகிறாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் இதுதான். நாளைக்கு இதுவும் இருக்காது.

குறட்டை கேட்டது. அவர் தோற்றுப்போயிருந்தார்.

குமாரத்தைத் தாண்டியதும் எஞ்சின் இழுத்தது. மீனா ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள், விட்டாள், கெஞ்சுவது மாதிரி அழுத்தினாள். விக்கல். இன்னொரு விக்கல். வண்டியை ஓரம் கட்டும்போது எஞ்சின் அணைந்துவிட்டது.

ஆண்டிச்சாமி விழித்தார். கதவைத் திறந்து இறங்கி, வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். அவர் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம். வர நேரமாகும் என்றும், அதுவரைக்கும் சும்மா இருக்காமல் முதலில் மூடியைத் திறந்து டீசல் கிடக்கிறதா என்று பார்த்து வை என்றும் சொன்னார். டீசல் இருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் போய், காய்ந்து இறுகின சந்தனத்துக்குள் சின்னச் சாவியைக் குத்தித் திருகினாள்.

மூடி லேசில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பலம் கொடுத்துத் திருகியதும் ஒரு சத்தம் வந்தது. நீண்ட சத்தம். தண்ணீருக்குள் வெகுநேரம் தம் பிடித்துக் கிடந்தவர் தலையைத் தூக்கி இழுக்கிற மூச்சு மாதிரி, வண்டி காற்றை உள்ளே இழுத்தது. ஒர்க்‌ஷாப் இரைச்சலிலும் ரோட்டுப் பரபரப்பிலும் இத்தனை நாள் யார் காதிலும் விழாத சத்தம். இன்றைக்கு அந்த வயல்வெளியில் வேறு ஓசையே இல்லை.

மீனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுவார்கள். சில நேரம் பாட்டில் நிறைய மருந்து இருக்கும், சொட்டாமல் நின்றுவிடும். நர்ஸ் வந்து பாட்டிலின் தலையில் ஒரு ஊசியைக் குத்திவிட்டுப் போவாள். காற்று உள்ளே போனால்தான் மருந்து கீழே இறங்கும். தினம் பார்க்கிற காட்சி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர ஒரு வழி இருக்க வேண்டும். அருள்பாண்டி ஒவ்வொரு முறையும் முதலில் மூடியைத் திறந்தபோதுதான் அந்த வழி கிடைத்திருக்கிறது.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூட்டுத் துவாரத்துக்குப் பக்கத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு பள்ளம் மாதிரி இருந்தது. உள்பக்கம் வாயை வைத்து ஊதினாள். கன்னம் உப்பியதே தவிரக் காற்று போகவில்லை. உதட்டில் டீசலும் சந்தனமும் கலந்து கசந்தது.

"என்னடி, மூடிய ஊதிக்கிட்டு நிக்கிற?" என்று பக்கத்தில் வந்தாள் ராக்கம்மாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள் மீனா. வீட்டுக்குப் போய் ரகசியமாகக் கழுவலாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வருமே. வெள்ளிக்கிழமை அந்த மூடியின் முன்னால் குனியும்போது அம்மாவின் முகத்தில் வருகிற நிறைவை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதில் கை வைக்கத் தனக்கு என்ன உரிமை? கை வைக்காவிட்டால் அப்பா?

"யம்மா, இதுல ஒரு ஓட்ட இருக்கு. அது வழியாத்தான் டேங்குக்குள்ள காத்து போகணும். நீ வைக்கிற சந்தனம் அடச்சிருச்சு. காத்துப் போகாம டீசல் வரமாட்டேங்குது."

ராக்கம்மாள் மூடியை வாங்கிப் பார்த்தாள். அடுக்கடுக்காகக் காய்ந்த மஞ்சள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு படலமாக இருந்தது. விரலால் தடவினாள்.

"அப்ப எம்புட்டு நாளா இதுக்கு மூச்சு முட்டியிருக்கு" என்றாள். தன்மேல் குற்றம் வந்தது பற்றி அவளுக்கு எண்ணமே இல்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நின்னு நின்னு சொல்லியிருக்கு. நமக்குத்தான் வெளங்கல."

தாலிக்கயிற்றில் கோர்த்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்தாள். முந்தானையால் மூடியைத் துடைத்து, எச்சில் தொட்டு, முள் எடுப்பது போலப் பொறுமையாக அந்தத் துவாரத்தைக் குத்தித் திறந்தாள். தானே ஊதிப் பார்த்தாள். ஒரு மெல்லிய விசில் வந்தது. பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, முனியும் மறிக்கல, ஒண்ணும் மறிக்கல. நாந்தேன் மறிச்சேன். வந்து ஏறுங்க."

ஆண்டிச்சாமி வந்தார். மீனா விளக்கினாள். அவர் மூடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"மாட்டுக்கு மூக்குலயா பொட்டு வப்பாக?"

"இதுக்கு வாயும் மூக்கும் ஒரே எடத்துல இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்? கூட்டிட்டு வந்த மெக்கானிக்குக்கே தெரியல."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று மீனா குனிந்து பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தபின், நாளைக்குச் சங்கிலி வருகிறான், சொன்ன சொல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மீனாவுக்கு அது போதவில்லை. எந்த வைத்தியத்துக்கும் அது முதல் திருப்பில் பிடித்திருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அரிவாள்கள் நின்ற இடத்தைத் தாண்டினார்கள். அலங்காநல்லூர் வந்தது. வழக்கமாக அங்கேதான் திரும்புவார்கள். அவள் திரும்பவில்லை. பாலமேடு ரோட்டில் விட்டாள். ஆண்டிச்சாமி இதைக் கவனித்து ஏதோ கேட்க வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே இருந்தது. கண் சொருகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் கடலை உரிக்கிற சத்தமும் நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். ராக்கம்மாள் கதவில் சாய்ந்து, கையில் அந்த ஊக்கோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில் அவள் தூங்கி மீனா பார்த்ததே இல்லை.

மேற்கே செம்மண் நிறத்தில் வானம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆடுகள் ரோட்டைக் கடந்தன. எஞ்சினை அணைக்காமல் காத்திருந்து, கடைசிக் குட்டி போனபிறகு மெல்ல நகர்த்தினாள். வழக்கமாக நிற்கிற தூரத்தைப்போல இன்னொரு மடங்கு போயாகிவிட்டது. இன்னும் ஒரு விக்கல் இல்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகள் பதில் இல்லாமல் கிடந்தன. அவையெல்லாம் இன்னும் அங்கேதான் கிடந்தன. ஆனால் இப்போது, தூங்குகிற இரண்டு பேரைச் சுமந்துகொண்டு, பெயர் தெரியாத ஊர்களின் வழியே ஓட்டுவதற்கு அவற்றில் எதற்கும் பதில் தேவைப்படவில்லை. ஹெட்லைட் பட்டனைத் தட்டினாள், வெளிச்சம் வந்தது. ரோடு மஞ்சளாக முன்னால் விரிந்தது.

ஆண்டிச்சாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அசையவில்லை. மீனா எடுத்து அணைக்கலாமென்றால் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இரண்டாம் முறை அடித்ததும் கண்ணைத் திறக்காமலே தடவி எடுத்துக் காதில் வைத்தார். சங்கிலியின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. ஆள் ரெடி, காலையிலேயே கூட்டி வரட்டுமா என்று கேட்டான்.

வண்டி ஒரு மேட்டில் ஏறி, இறங்கியது.

"இல்லப்பா, குடுக்கல" என்றார். அந்தப் பக்கம் ஏன், என்ன ஆயிற்று என்று சத்தம் கூடியது. ஆண்டிச்சாமி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "பெறகு பேசு சங்கிலி. நான் தூங்கிக்கிட்டு இருக்கேன்."

போனைப் பையில் போட்டார். மீனா அவர் பக்கம் திரும்பவில்லை. முன்னால் ஒரு கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது. முந்திக்கொண்டு போக இடம் இருந்தும், அவள் வேகத்தைக் கூட்டாமல் அதன் பின்னாலேயே போனாள்.